தூக்கிப் பார்த்து வாங்கிய பைனாகுலர்

ஏரிக்கரை ஊரான சுண்ணாம்புக்குளத்தில் வளர்மதியிடம் ஒரு தண்ணி நண்டைத் தள்ளிவிட்ட வீரர் இன்னும் பிறக்கவில்லை. தண்ணி நண்டு என்பது சட்டை உரித்துப் புது ஓடு போட்ட நண்டு. பார்வைக்கு ராஜா. கொடுக்கு வாட்டசாட்டமாக இருக்கும். உடைத்தால் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான். மேடையேறுகிறவர்களிலும் சிலர் அப்படி உண்டு. அவர்களைக் கையில் தூக்கிப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. நண்டுக்கு உண்டு. கொடுக்கைக் கட்டிய நண்டை வளர்மதி உள்ளங்கையில் வைத்து ஒரு துள்ளு துள்ளவிடுவாள், கட்டைவிரலால் வயிற்றோரம் ஓர் அழுத்து. கனத்தால் கூடையில் போடுவாள். லேசாக இருந்தால், “இத்த நீயே ஊட்டுக்கு எடுத்துகினு போயி கொழம்பு வெய்யி” என்று கொண்டுவந்தவரிடமே திருப்பிவிடுவாள்.

நாற்பத்துநாலு வயது. எட்டாவது வரை பள்ளிக்கூடம், பத்தொன்பதில் சம்பந்தத்தோடு கல்யாணம். அன்றிலிருந்து விடிந்தால் கரையில் நண்டு வாங்குவதும், பஸ் பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்பதும்தான் வாழ்க்கை. சம்பந்தம் ஏரியில் கழி ஊன்றிப் படவு, அதாவது படகு, தள்ளுகிறவர். பேச்சை அளந்து பேசுவார். வீட்டில் அளவு முழுவதையும் மனைவி எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான் என்று ஊரில் ஒரு கருத்து உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் போன தை மாதம் பறவை புகுந்தது.

கொண்டுவந்தவர் உதயகுமார். பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறவர்; ஞாயிறுதோறும் ஏரியில் பறவை எண்ண வருவார். பறவைக்குத் தெரியக் கூடாதென்று தலை முதல் கால் வரை இலைப்பச்சையில் உடுத்தியிருப்பார். இலையே இல்லாத சேற்றுக் கரையில் அவர் அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரிவார். ஒரு ஞாயிறு நண்டு வாங்க நின்றவரின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் காட்டி, “இதுல இன்னா சார் தெரியும்? ஒருவாட்டி குடேன்” என்றாள் வளர்மதி.

கொடுத்தார். முதலில் இருட்டு. பிறகு இரண்டு வட்டம். அவர் நடு மடிப்பை அவள் கண்களின் இடைவெளிக்கு வளைத்துவிட்டதும் இரண்டும் ஒன்றாகின. வட்டத்துக்குள் ஒரு கருவால் மூக்கன். கோழிக்குஞ்சுக்குக் கோல் முளைத்த மாதிரி கால், அந்தக் காலுக்குப் போட்டியாக மூக்கு. ஆயிரம் முறை பார்த்த பறவைதான். ஆனால் இத்தனை நாளும் சேற்றில் ஒரு பழுப்புப் புள்ளியாக இருந்தது, இப்போது இறகு இறகாக, ஓரத்தில் வெள்ளைக் கரை போட்டுக்கொண்டு நின்றது.

“அய்ய! கண்ணு சிமிட்டுது சார் அது!”

அன்றைக்கு உதயகுமாருக்கு நண்டு எடையில் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. வளர்மதியின் சரித்திரத்தில் இது முதல் தடவை.

அதற்கப்புறம் கரையில் நின்றால் கூடையைப் பார்ப்பதைவிடச் சேற்றைப் பார்ப்பது அதிகமாயிற்று. மாசிக் கடைசியில் ஒருநாள், வெறுங்கண்ணாலேயே, மூக்கன் கூட்டத்தில் ஒன்றின் காலில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்தாள். கொழுந்தன் தீனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“வலை நரம்பு மாட்டிகினுகீது அண்ணி. அதுக்குப் போயி இந்த ஆட்டம் ஆடற.”

“நரம்பு தொங்கும்டா. இது வளையலு மாரி நிக்குது.”

“மூக்கனுக்கு வளைகாப்பு போல. எப்போ, நமக்கெல்லாம் சோறு உண்டா?”

உதயகுமாரிடம் சொன்னாள். அவர் இரண்டு ஞாயிறு வந்து தேடினார். மூக்கன் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறதோ என்னவோ, ஞாயிறன்று மட்டும் வரவில்லை. “சேறா இருக்கும்க்கா” என்றார் மரியாதையாக. ஆனால் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தார்: எங்கோ ஒரு நாட்டில் பறவையைப் பிடித்துக் காலில் பட்டை போட்டு எழுத்தும் எண்ணும் பொறித்து விடுவார்களாம். அதைச் சரியாகப் படித்து அனுப்பினால் அது எந்த ஊர்ப் பறவை, எந்த வருஷம் பிடித்தார்கள் என்ற முழு ஜாதகமும் வருமாம். பங்குனி போனால் மூக்கன்கள் வடக்கே கிளம்பிவிடும். போனது போனதுதான்.

வளர்மதிக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் காலில் என்ன எழுதியிருக்கிறது? அது கிளம்புவதற்குள் படித்தாக வேண்டும். சொந்தமாக ஒரு பைனாகுலர் வேண்டும். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் மிக்ஸிக்கு என்று இருந்தது. அம்மிக்கு ஒன்றும் வயசாகிவிடவில்லை என்று அன்றிரவே தீர்ப்பாயிற்று.

எதை வாங்குவது என்று கேட்டதற்கு உதயகுமார் பதினோரு நிமிஷம் ஓடும் குரல் செய்தி ஒன்றை அனுப்பினார். “எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டு வாங்குங்கக்கா. முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கறது, ரெண்டாவது முன்கண்ணாடியோட அகலம், அகலமா இருந்தா வெளிச்சம் நிறைய வரும். மடங்கு கூடக் கூட…” என்ற இடத்தில் பொன்னேரி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மீதி ஒன்பது நிமிஷத்தை அவள் கேட்கவேயில்லை. அந்த ஒன்பது நிமிஷத்தில்தான் இந்தக் கதை இருக்கிறது.

மறுநாள் நண்டு விற்ற கையோடு மின்சார ரயிலேறிச் சென்னையில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஒரு கேமராக் கடைக்குள் நுழைந்தாள். கவுண்டரில் பெனிட்டா என்ற பெண். வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே குளிரில் சால்வை போர்த்தியிருந்தாள்.

முதலில் எடுத்து வைத்தது செக்கச்செவேலென்று பளபளக்கும் கண்ணாடி போட்டது. “இது நல்லா மூவ் ஆகுதுக்கா.”

வளர்மதி அதன் கண்ணை உற்றுப் பார்த்தாள். “கண்ணு செவந்த மீன வாங்குறவ நான் இல்ல தங்கச்சி. அந்தாண்ட வெய்யி.”

இது சரியான தீர்ப்பு. சிவப்புப் பூச்சு என்பது பெரும்பாலும் வாங்குகிறவர் கண்ணுக்காகப் போடுவது, பார்க்கிறவர் கண்ணுக்காக அல்ல. இந்த வெற்றிதான் அவளைக் கெடுத்தது.

அடுத்து எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டு வந்தது. தூக்கினாள். உள்ளங்கையில் ஒரு துள்ளு. பெனிட்டாவின் உயிரும் கூடவே ஒரு துள்ளு துள்ளியது. லேசாக இருந்தது. கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினாள். ரப்பர் கொஞ்சம் உள்ளே போயிற்று. வளர்மதியின் உதடு கோணியது.

“தண்ணி நண்டு” என்றாள்.

“என்னதுக்கா?”

“ஒண்ணுமில்ல. கனமா இன்னா கீது?”

இருபது இன்ட்டு ஐம்பது வந்தது. தூக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல ஆண் நண்டு கனம். கவுண்டர் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி வாசல் வழியாகப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடித் தொட்டியில் பிளம்பர் எழுதியிருந்த போன் நம்பர் பத்தும் மூக்குக்கு நேரே வந்து நின்றது. வளர்மதி சத்தமாகப் படித்துக் காட்டினாள். பெனிட்டா கைதட்டினாள். எட்டைவிட இருபது பெரிது. லேசைவிடக் கனம் நிறைவு. இதற்குமேல் என்ன வேண்டும்? பில் போட்டாயிற்று.

“ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம்க்கா” என்று பெனிட்டா சொன்னது, ‘போய்ட்டு வாங்க’ என்பதைப் போல அவள் காதில் விழுந்தது.

அடுத்த நாள் சாயங்காலம். காற்று விழுந்திருந்தது. சம்பந்தம் படவைத் தள்ளிக்கொண்டு சேற்றுத் திட்டின் பக்கம் போனார். மூக்கன்கள் முப்பது நாற்பது. நடுவில் ஆரஞ்சு! வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வளர்மதி இருபது மடங்கை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

வானம் தெரிந்தது. பிறகு தண்ணீர். பிறகு எதன் வாலோ. பிறகு மறுபடி வானம்.

“நிறுத்துய்யா படவ!”

“நின்னுகினுதாம்மே கீது.”

“அப்ப ஏன் ஆடுது?”

“படவு ஆடும். ஏரிய நிறுத்தச் சொல்றியா?”

மறுபடி பார்த்தாள். மூக்கன் ஒருகணம் வட்டத்துக்குள் வந்து, சாமி வந்தவள் மாதிரி குதித்து, வெளியே போயிற்று. நிலத்தில் தெரியாத ஆட்டமெல்லாம் இங்கே இருபது மடங்காகியிருந்தது. ஊன்றிக்கொள்ள இங்கே கவுண்டர் இல்லை. கை நடுங்கியது, கழுத்து வலித்தது. வெளிச்சம் இறங்க இறங்க வட்டத்துக்குள் சீக்கிரமே ராத்திரி ஆகிவிட்டது. வெளியே இன்னும் நல்ல பகல். மூக்கன்கள் எழும்பிப் போயின.

கரையில் தீனா காத்திருந்தான். “இன்னா அண்ணி, வளையலு எத்தினி பவுனு?”

அவள் அவனைத் தாண்டி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். தீனா கொஞ்சம் பயந்துவிட்டான்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குரல் செய்தியின் மீதி ஒன்பது நிமிஷத்தையும் கேட்டாள். “…மடங்கு கூடக் கூட ஆட்டமும் கூடும்க்கா, பாக்குற இடமும் சின்னதாப் பூடும். படவுல எட்டுக்கு மேல வேணவே வேணாம். லேசா இருந்தா கழுத்துல நாளெல்லாம் கெடக்கும்…” வளர்மதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குக் கனம் சதை இல்லை. இருபத்தைந்து வருஷத்துக் கட்டைவிரல் ஒரு ரப்பரிடம் தோற்றுவிட்டது.

மறுநாள் உதயகுமாரே போன் செய்தார். “தெக்கால கீற மூக்கனெல்லாம் கெளம்ப ஆரம்பிச்சிடுச்சாம்க்கா. உங்க ஆளு இன்னும் ரெண்டு மூணு நாளுதான்.”

அடுத்த ரயில்.

“இருபத எடுத்துக்கோ, அந்த எட்டக் குடு” என்றாள் பெனிட்டாவிடம். “ஆனா இந்தவாட்டி நின்னுகினு பாக்க மாட்டேன். அந்தச் சுத்துற நாற்காலிய இப்பிடி இழு.”

உட்கார்ந்தாள். காலைத் தூக்கிக்கொண்டாள். “ஆட்டு.”

“அக்கா?”

“படவு மாரி ஆட்டு தங்கச்சி. பைய. ரொம்பப் பைய இல்ல. ஆங், கச்சான் காத்து அடிச்சா அப்பிடித்தான்!”

கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். சால்வை போர்த்திய பெண் ஒருத்தி நாற்காலியை ஆட்டுகிறாள், நண்டு வாசனையோடு ஒருத்தி அதில் உட்கார்ந்து, “பிளம்பரு தெரியறான்! ஆடினாலும் தெரியறான்!” என்று கத்துகிறாள். நல்ல வியாபாரி, உள்ளே போய்விட்டார். அகலமான வட்டம். மாடி முழுதும் ஒரே பார்வையில், அதில் ஒரு காக்காய், காக்காயின் வாயில் அப்பளம். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணுக்கென்று இருந்த வளையத்தைத் திருப்பிப் படத்தைக் கூர்மையாக்கிக்கொண்டாள். பிறகு, “தண்ணி பூந்துடுமா? ஒரு பக்கெட் இருந்தா முக்கிப் பாத்துடலாம்” என்றாள். பெட்டியில் அச்சடித்திருந்த உத்தரவாதத்தை பெனிட்டா அவசரமாகக் காட்டியதால் பக்கெட் தவிர்க்கப்பட்டது.

சாயங்காலம் நாலரைக்கெல்லாம் படவில் இருந்தாள். வந்த சேலையோடு. திட்டில் மூக்கன்கள் பாதியாகக் குறைந்திருந்தன. எட்டு மடங்கைக் கண்ணில் வைத்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினாள். ஒவ்வொரு காலாக. வெறுங்கால், வெறுங்கால், சேறு, வெறுங்கால்…

“கீது! யோவ், கீதுய்யா!”

கண்டுபிடித்த அடுத்த நொடி மூக்கன் அந்தக் காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மற்றக் காலில் நின்று, அலகை முதுகில் சொருகித் தூங்க ஆரம்பித்தது.

“சேத்த அள்ளி ஒண்ணு போடட்டா?” என்றார் சம்பந்தம்.

“கைய ஒடிச்சிடுவேன்.”

கால் மணி நேரம். அரை மணி நேரம். மூச்சுவிடுவதே பாவம் என்று உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மூக்கன் ஒன்று இடித்தது. நம்மாள் சலித்துக்கொண்டு காலை இறக்கியது. தொடைப் பக்கம், மூட்டுக்கு மேலே, ஆரஞ்சுப் பட்டை. சேறில்லை. வலை நரம்பில்லை. கறுப்பு எழுத்து. “எச்…” என்றாள். “யூ…” மூக்கன் அரைத் திருப்பம் திரும்பியது. “மூணு! மூணுய்யா!”

அது ஏலக் கரையில் கத்துகிற கத்தல். திட்டு முழுதும் ஒரே சிறகாக எழும்பிப் போயிற்று.

படவிலிருந்தே அவள் போட்ட போனில் உதயகுமார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது குரலிலேயே தெரிந்தது. “மூணு நிச்சயமாக்கா? எட்டு இல்லியே? ஒரு எழுத்து தப்பாப் பூட்டா வேற ஏதோ மூக்கனோட ஜாதகத்த இதுக்கு எழுதிடுவோம்.”

வளர்மதி வாயைத் திறந்தாள். நிச்சயம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பார்த்தது அவள் ஒருத்திதான், மறுக்க ஆளில்லை. நண்டைத் தூக்கிப் பார்த்தே பழகியவளுக்கு அந்த ‘நிச்சயம்’ லேசாகப் பட்டது.

“பாதி திரும்பினுகீறப்ப பாத்தேன் சார். இருங்க, வெக்காதீங்க போன.”

மூக்கன்கள் ஏரிக்கு மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வடக்கே நீண்டன. பிறகு என்ன நினைத்தனவோ, சரிந்து வந்து அதே திட்டில் இறங்கின. வளர்மதி தேடினாள். ஆரஞ்சு. எச். யூ. அது நேராக நின்று காலைக் காட்டியது, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி. இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள்.

“எட்டு சார்” என்றாள் மெல்ல. “எச் யூ எட்டு. மொத சொன்னது தப்பு.”

“அனுப்பிட்டேன்க்கா!” என்று உதயகுமார் அங்கே கத்தினார். அவருக்கென்ன, கத்தினால் பறந்துபோகப் பொன்னேரியில் மூக்கன் கிடையாது.

“எட்டுதானா?” என்றார் சம்பந்தம்.

“நீயே பாருய்யா” என்று பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கையை நீட்டினாள்; அவர் அரை அங்குலம் நகர்ந்து உட்கார்ந்து தொடர்ந்து பார்த்தார்.

“யோவ், குடுய்யா.”

“இரும்மே. இப்பத்தான் மூஞ்சியத் திருப்புது.”

படவு தானாகப் போய்க்கொண்டிருந்தது. தள்ளுகிற கழி எப்போதோ அவர் கையிலிருந்து நழுவி, பின்னால் இருபது முழத்துக்கு அப்பால் தனியாக மிதந்துகொண்டிருந்தது.