சரக்கு லிஃப்ற்றில் ஏறாத மாதா

நான் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் காலுறை நெய்த தொழிற்சாலை. இப்போது அதற்கு லொஃப்ற் என்று பெயர். சுவர்களுக்குப் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரியும். தலைக்குமேல் குழாய்கள் ஓடும். கட்டில் மேலே ஒரு பரணில். மற்றதெல்லாம் கீழே ஒரே கூடம். குளியலறையைத் தவிர எதற்கும் கதவு கிடையாது. ஸ்காபரோவில், அஜின்கோர்ட்டில் இருந்த குடும்ப வீட்டை விற்றபின் என் பங்குக்கு இதைத்தான் வாங்கினேன் என்றதும் எங்கள் செபக் குழுவில் பலர் எனக்காக இரக்கப்பட்டார்கள். பார்க்க வந்த ஓர் அங்கிள் செங்கல்லைத் தடவிவிட்டு, "வீடு அரைகுறையில நிக்குது பிள்ளை. காசு காணாமப் போச்சோ? எனக்குத் தெரிஞ்ச ஒராள் ட்றைவோல் பலகை அடிச்சுச் சுவர் மூடுறவர், மலிவாச் செய்து தருவார்" என்றார். இந்தச் செங்கல் தெரிவதற்காகத்தான் கூடுதலாகக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அதன் பிறகு இரக்கம் இன்னும் கூடிப் போயிற்று.

ஒக்ரோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். முதல்நாள் வைத்திருந்தவர்கள் பாட்டோடு கொண்டுவருவார்கள். வாசலில் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோய் வைப்பார். வீட்டுக்காரி மெழுகுதிரித் தட்டோடு பின்னால் நிற்பாள். பிறகு செபமாலை, அவித்த கடலை, தேத்தண்ணீர். அஜின்கோர்ட்டில் வருடா வருடம் என் கணவர் ஏந்தினார், நான் தட்டுப் பிடித்தேன். பிறகு பிரிந்தோம். யார் பிழை என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரியாமல் தவிப்பவர்கள் தவிக்கட்டும்.

லொஃப்ற்றுக்கு வந்த வருடம் குழுவை நடத்தும் அன்ரி தொலைபேசியில் அழைத்தார்.

"இந்த முறை உம்மட வீட்டை விட்டிட்டம் பிள்ளை. குறை நினைக்காதையும்."

"ஏன் அன்ரி?"

"அது வீடே? சொக்ஸ் ஃபக்டரி. கார் விட இடமில்லை. எங்கட சனம் டவுன்ரவுனுக்கு வராது."

"பேரப்பிள்ளையளோட பாஸ்கற்போல் பாக்க வருகினம். மாதாவோட வரமாட்டினமோ?"

அதற்குப் பிறகுதான் வயிற்றுக்குள் இருந்தது வெளியே வந்தது.

"மாதாவை ஆர் ஏந்துறது? ஆம்பிளை இல்லாத வீடு. மகனும் தூரத்தில, கல்கரியில. வேணுமெண்டா என்ர மனுசன் உம்மட வாசல்ல நிண்டு ஏந்தட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடமானம் என் பெயரில், வரி என் பெயரில், கதவுத் திறப்பு என் கையில்; மாதாவுக்கு மட்டும் இரவல் ஆம்பிளையா?

"நான் ஏந்துவன் அன்ரி. எனக்கும் ரெண்டு கை இருக்கு. நீங்கள் கொண்டுவராட்டி நானே வந்து தூக்கிக்கொண்டு சப்வேயில போவன்."

"உதென்ன கதை!" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகளிடம் சொன்னேன். இங்கே பிறந்தவள். "அம்மா, இட்ஸ் யுவர் ஹவுஸ். அவ்வளவுதான்" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது. மாதா வராத வீட்டுக்கு மெல்ல மெல்ல மனிதரும் வரமாட்டார்கள். திருமணத்துக்குச் சொல்வார்கள், கடைசி மேசையில் இருத்துவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களை அழைக்க மறந்திருக்கிறேன்.

அன்று மாலை மூன்று வான் வண்டிகளில் வந்திறங்கினார்கள். பக்தி பாதி, ஃபக்டரியைப் பார்க்கிற ஆசை பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மாதா இருந்தது அன்ரி வீட்டில். அதனால் அன்ரியின் கணவர்தான் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்தில் காவலாளி மறித்தார். பெரிய பொருள் எதுவானாலும் பின்பக்கச் சரக்கு லிஃப்ற்றால்தான் போகவேண்டும், அதுதான் கட்டட விதி என்றார். சரக்கு லிஃப்ற்றுக்குப் போகிற வழி குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி முந்திக்கொண்டார்.

"குப்பை வாசலாலயோ? மாதாவோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, காவலாளி பக்கம் திரும்பினார். "ஷீ இஸ் நொட் ஃபேர்னிச்சர்."

காவலாளி நல்ல மனிதர், பாவம். விதி விதிதான் என்றார்.

"படிக்கட்டுக்கும் விதி இருக்கோ எண்டு கேளும்" என்றார் அன்ரி என்னிடம்.

படிக்கட்டுக்கு விதி இல்லை.

எங்கள் படிக்கட்டு பழைய தொழிற்சாலைக் காலத்தது. அகலமான மரப்படிகள், வேலைக்கு வந்துபோனவர்களின் கால் பட்டு நடுவில் தேய்ந்தவை. நாலாம் மாடி வரைக்கும் முழங்கால் வலிக்காரர்களும் நீரிழிவுக்காரர்களும் பாட்டை விடாமல் ஏறினார்கள். செங்கல் சுவருக்குள் அந்தப் பாட்டு எழும்பியதுபோல ஸ்காபரோவில் எந்த வீட்டிலும் எழும்பியதில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நாயோடு இறங்கி வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

நான் முன்னால் ஓடிப்போய் என் கதவடியில் நின்றேன். சொரூபத்தோடு அன்ரியின் கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"நானே கொண்டுபோய் வைக்கிறன் பிள்ளை. பாரம்."

நான் விலகவில்லை. "தாங்கோ அங்கிள்."

பின்னால் நடைபாதை நிறையச் சனம். பாட்டு முடிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. அங்கிள் அன்ரியைப் பார்த்தார். அன்ரி என்னைப் பார்த்தார்.

"குடுங்கோவன்" என்றார் கடைசியில். "எவ்வளவு நேரம் நிக்கிறது?"

கையில் வாங்கினேன். உண்மையிலேயே பாரம். இத்தனை வருடம் என் வீட்டுக்கு வந்த மாதாவின் பாரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உள்ளே என் சுவரில்லாத கூடம் தன் பங்கைச் செய்தது. அஜின்கோர்ட்டில் செபமாலை தொடங்கினால் ஆண்கள் பாதிப்பேர் கராஜுக்கு நழுவி அரசியல் பேசுவார்கள். இங்கே நழுவ இடமில்லை. பாத்ரூமுக்குள் எத்தனை பேர் போவது? எல்லாரும் முழந்தாளில். அங்கே நான் குசினிச் சுவருக்குப் பின்னால் கடலை தாளித்தபடி வாயால் மட்டும் செபம் சொல்வேன். இங்கே அடுப்படியில் நின்று தலையை நிமிர்த்தினால் மாதாவின் முகம். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், கடலையையும் கிளறினேன்.

போகும்போது அன்ரி செங்கல்லை மேலும் கீழும் பார்த்தார். "குரல் நல்லா எழும்புது. பூச்சுக் கீச்சுப் பூசிப்போடாதையும்."

அடுத்த நாள் மாலை ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் ஒரு புது வீடு. மாதாவை நானே தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, தட்டோடு. மெழுகு உருகி விரலில் விழுந்தும் கையை அசைக்காமல் நின்றாள். அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அவரைத் தாண்டிப் போனேன். "தங்கச்சி, தட்டை இவரிட்டைக் குடுத்திட்டு வாரும்."

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு அன்ரியைப் பார்த்தாள். அன்ரி பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. கடைசியில் தட்டுக் கைமாறியது. நான் மாதாவை அவள் கையில் வைத்தேன்.

"பாரமாக் கிடக்கு அக்கா" என்றாள்.

"ஓம்" என்றேன்.