சேவியர் அண்ணை மினுக்கின சங்கிலி

பாரம் தூக்கிற சங்கிலி சும்மா அறாது, சொல்லிப்போட்டுத்தான் அறும் எண்டு கனகாலமா யார்டில பிரசங்கம் பண்ணினவன் நான். பாரம் கூடினால் லிங்க் எண்டுற வளையம் இழுபட்டு நீளும், பக்கத்து லிங்கோட இறுகும். ரெண்டு கண் இருந்தால் காணும், அது உங்களோட கதைக்கும் எண்டு சொல்லுவன். புதுசா வேலைக்கு வாற எல்லாருக்கும் இந்தப் பேச்சு இலவசம். அவையள் கொட்டாவி விடுவினம், நான் விடமாட்டன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அறுந்த சங்கிலி ஒரு சொல்லும் சொல்லேல்லை.

எங்கட யார்டு கிழக்கு லண்டனில. இரும்புப் படிக்கட்டும் பல்கனியும் செய்து கட்டிட சைட்டுகளுக்கு அனுப்பிறது. முதலாளி மலேசியாத் தமிழர். திங்கட்கிழமை கஸ்டமர் பாக்க வருகினம், சாமானெல்லாம் சுத்தமா இருக்கோணும் எண்டு சொல்லிப்போட்டார். சனிக்கிழமை நான் லீவு. யார்டில நிண்டது சேவியர் அண்ணை. மன்னார் ஆள். கோயிலில திருநாள் எண்டால் மெழுகுதிரித் தண்டெல்லாம் அவர்தான் மினுக்கிறது. மினுக்க ஒரு சாமான் கிடைச்சால் மனுசன் சாப்பாட்டை மறந்திடுவார்.

திங்கட்கிழமை நான் திரும்பி வந்து பாத்தால், பாரம் கொழுவித் தூக்கிற சங்கிலி, கறள் பிடிச்சுக் கிடந்த ரெண்டு செயின் ஸ்லிங்கும் வெள்ளி மாதிரி மின்னுது.

"என்னண்ணை, ஆருக்குத் தாலி கட்டப் போறம்?" எண்டு கேட்டன்.

"பகிடியை விடும். வடிவா இருக்கோ இல்லையோ?"

"பளபளன்னு இருக்கே! மத்த செயினையும் இப்படியே செய்ங்க" எண்டார் முதலாளி.

நான் தேய்வு பாக்கிற கேஜ் வைச்சு அளந்தன். தேய்வில்லை, நீளேல்லை, எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு போட்ட டாக்கும் இருக்கு. இவ்வளவு வடிவான சங்கிலி பாத்ததில்லை எண்டு வேற சொன்னன். என்ர வாய் அப்பிடி.

செவ்வாய்க்கிழமை காலமை ஒரு ஸ்லிங்கை அன்டன் வான் வண்டியில ஏத்திக்கொண்டு கோலியர்ஸ் வுட் சைட்டுக்குப் போயிட்டான். அவன் சேவியர் அண்ணையின்ர தம்பி. அங்க பல்கனி ஏத்திற வேலை. மற்ற ஸ்லிங்கில நாங்கள் ஒரு படிக்கட்டைக் கொழுவினம்.

எனக்கொரு பழக்கம். எந்தப் பாரத்தையும் ஒரு சாண் தூக்கி நிப்பாட்டிப் பாப்பன். இதுக்காகப் பெடியள் எனக்கு "சாண் பாலா" எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். வயித்தைச் சொல்லுறாங்களோ எண்டும் ஒரு சந்தேகம். அண்டைக்கும் ஒரு சாண் தூக்கி நிப்பாட்டினன். கீழ இருந்த பலகையை எடுக்கச் சேவியர் அண்ணை குனியப் போனார். "நில்லுங்கோ அண்ணை" எண்டு நான் சொல்லி வாய் மூடேல்லை.

டப்!

படிக்கட்டு பலகைக்கு மேல விழுந்துது. அரை லிங்க் ஒண்டு பறந்து போய் ஸ்டோர்க் கதவில குழி போட்டுது. என்ர தலைக்கும் கதவுக்கும் இடையில பெரிய தூரமில்லை.

அறுந்த லிங்கை எடுத்துப் பாத்தன். கொஞ்சமும் இழுபடேல்லை. கரட் கிழங்கு முறிஞ்ச மாதிரி நேரா முறிஞ்சிருக்கு.

"அண்ணை, இதை எதால மினுக்கினியள்?"

"செங்கல்லில சீமெந்துக் கறை எடுக்கிற அசிட். ஒரு நாள் முழுக்க ஊற விட்டன். ஏன் தம்பி?"

சங்கிலியோட வாற புத்தகத்தில பெரிய எழுத்தில போட்டிருக்கு, அசிட் காட்டவே கூடாதெண்டு. அது இந்த உருக்குக்குள்ள இறங்கினால் வெளியில வெள்ளி, உள்ளுக்குக் கண்ணாடி, அப்பிடியே முறியும்.

"மற்ற ஸ்லிங்?" எண்டன். அண்ணையின்ர முகம் வெளிறிப் போச்சு.

"அன்டன்" எண்டார்.

அன்டன் போன் எடுக்கேல்லை. சைட்டில போனை லொக்கரில வைக்கச் சொல்லி ரூல். பாதுகாப்புக்கு. நல்ல ரூல் எண்டு மீட்டிங்கில கை தட்டினவனும் நான்தான். சைட் ஒபிசுக்கு அடிச்சன். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை எடுத்தா.

"எந்தக் கம்பனி? உங்கட முழுப் பேர்? எழுத்தெழுத்தா சொல்லுங்கோ."

என்ர பேர் சிவபாலசுந்தரம். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பல்கனி மேல போயிடும். "எஸ், ஐ, வீ" எண்டு தொடங்கிறன், சேவியர் அண்ணை போனைப் பறிச்சார். சொரியும் தாங்க்யூவும் தவிர இங்கிலீசு கதைக்காத மனுசன் கத்தினார்: "ஸ்டொப் கிரேன்! மை பிரதர்! மை பிரதர்!"

அவ ஓடுற சத்தம் கேட்டுது. பிறகு ரேடியோவை போனுக்குக் கிட்டப் பிடிச்சா. அன்டனின்ர குரல்.

"என்னண்ணை கத்துறியள்? பல்கனி அந்தரத்தில நிக்குது."

"கீழ ஆரும் நிக்கிறாங்களே?" எண்டு நான் போனைத் திரும்ப வாங்கிக் கேட்டன்.

"ரெண்டு பேர். நானும்."

"எல்லாரும் விலகுங்கோ. நீயும் தள்ளிப் போ. வெறும் இடத்தில மெல்ல இறக்கச் சொல்லு. உலுப்பக் கூடாது."

அந்த நேரம் எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. சேவியர் அண்ணை அறுந்த லிங்கைச் செபமாலை மாதிரி கையில பிடிச்சுக்கொண்டு நிண்டார். ரேடியோ இரைஞ்சுது.

"இறக்கியாச்சு" எண்டான் அன்டன்.

அண்ணை நிலத்தில இருந்திட்டார். நான் அவருக்குப் பக்கத்தில இருந்தன். எழும்ப ரெண்டு பேருக்கும் ஆள் தேவைப்பட்டுது.

அந்த ஸ்லிங்கைச் சோதிக்க வந்த மனுசன் மை பூசி, லைட் அடிச்சுக் காட்டினார். லிங்குகளில தலைமயிர் மாதிரி வெடிப்பு. காலமை முழுக்க அதிலதான் பல்கனி ஏத்தியிருக்கிறாங்கள். முதலாளி பாத்தார், தொப்பியைக் கழட்டினார். வேற ஆரும் பாவிக்காமல் இருக்க அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டினம். வெட்டுற கிரைண்டரைச் சேவியர் அண்ணை ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை.

என்ர பிரசங்கத்தை மாத்திப்போட்டன். சங்கிலி சொல்லும் எண்டு இப்ப சொல்லுறதில்லை. கேஜ் வையுங்கோ, டாக்கைப் பாருங்கோ, ஒரு சாண் தூக்கி நிப்பாட்டுங்கோ, கீழ நிக்காதேங்கோ. எல்லாத்துக்கும் முதல், அதுக்கு ஆர் என்ன செய்தவை எண்டு வாய் திறந்து கேளுங்கோ. நான் தாலிப் பகிடி விட்ட நேரத்தில அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஊத்தையெண்டால் பிரஷ்ஷால தேய்ச்சு, துணியால துடைச்சு, எண்ணெய் பூசினால் காணும். சங்கிலி வடிவா இருக்கத் தேவையில்லை.

அன்டன் இப்ப எந்தச் சங்கிலியையும் கொழுவ முன்னம் மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய், அசிட் மணக்குதோ எண்டு மணந்து பாக்கிறான். சைட்டில வெள்ளைக்காரர் சிரிக்கினம். மணத்தில ஒண்டும் பிடிக்க ஏலாதெண்டு நானும் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. யார்டில அவன் மணக்கிற நேரமெல்லாம் சேவியர் அண்ணை வேலையை விட்டுப்போட்டு வந்து நிப்பார்.

"என்னடா மணக்குது?"

"எண்ணெய்தான் அண்ணை."

"வடிவா மணந்து பார்" எண்டுபோட்டு, அவன் திரும்பவும் மணந்து முடியும் வரைக்கும் அதிலேயே நிப்பார்.