சாட்சியை நானே கூட்டிப்போனேன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, யார் தயவும் இல்லாமல் நாலு வேனுக்குச் சொந்தக்காரன் ஆனேன். காத்திருப்பது மட்டும் என் உடம்புக்கு ஆகாது. டாக்டரிடம் போனால்கூட நின்றுகொண்டேதான் இருப்பேன்.

என் மனைவியின் தம்பி மாமல்லபுரத்துக்கு என் வேன் ஒன்றை ஓட்டினான். சீட்டுக்கடியில் அரைக் கிலோ சரஸ், அதாவது கஞ்சாப் பிசின், இருந்ததென்று சதுரங்கப்பட்டினத்தில் போலீஸ் பிடித்துவிட்டது. தனக்குத் தெரியாமல் யாரோ வைத்துவிட்டார்கள் என்றான். நம்பினேன். ஜாமீன் கிடைக்கவில்லை. அப்போதிருந்த சட்டப்படி, நிரூபணமானால் குறைந்தது பத்து வருஷம்.

"அவசரப்படாதீங்க. பிடிபட்ட அளவுக்குத் தக்க தண்டனையைக் குறைக்கிற சட்டம் டெல்லில வரப்போவுது. அதுவரைக்கும் இழுப்போம்" என்றார் வக்கீல்.

"இன்னா சார் இழுக்கறது? உள்ள கீறவன் என் மச்சான். சட்டுனு முடிச்சு வுடுங்க."

சோதனையின்போது சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் பயத்தில் கோர்ட்டுக்கு வருவதே இல்லை. அதனால் வாய்தா மேல் வாய்தா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் அவர் கடை வாசலிலேயே வேனை நிறுத்தினேன்.

"அண்ணாத்த, ஏறு. பாத்தத சொல்லிட்டு வந்துடலாம்."

"நெசத்தையேவா சொல்லணும்?"

"நெசத்தத்தான். என் மச்சான் மேல இன்னா தப்பு கீது?"

வழியில் நாஸ்தா வாங்கிக் கொடுத்தேன். போலீசால் கொண்டுவர முடியாத சாட்சியை நான் கொண்டுவந்தேன் என்று வேன் ஸ்டாண்ட் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அவர் கூண்டில் ஏறி, பொட்டலத்தை அவனே குனிந்து எடுத்துக் கொடுத்தான் என்றார். பத்து வருஷம் விழுந்தது.

சில மாதத்தில் புதுச் சட்டம் வந்தது. விசாரணை முடியாத வழக்குகளுக்கு அதன் பலன் உண்டு; தீர்ப்பானவனுக்கு இல்லை. இழுத்திருந்தால், உள்ளே இருந்த காலமே போதுமென்று விட்டிருக்கவும் கூடும் என்றார் வக்கீல். தலைவர்கள் பிறந்தநாளுக்குக் குறைப்பார்களே என்று கேட்டேன். போதைப்பொருள் கேஸுக்கு அதுவும் கிடையாதாம். வீட்டில் சட்டத்தைத் திட்டினேன். டீக்கடைக்காரரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான்:

"மாமா, புதுச் சட்டத்துல எனுக்குக் கொறையுமாமே? உள்ள எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க."

ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயா இட்டாந்த அந்த ஆள?"

"நீ எடுத்துக் குடுத்தத எங்கிட்ட சொல்லலியேடா."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத மாமா. அது உன்ன வூட்ட வுட்டுத் தொரத்திடும். அப்பால என்னைப் பாக்க யாரு வருவா?"

அடுத்த சந்திப்புக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டு அன்றைக்கு ஜெயில் வாசலிலேயே அலைந்தேன்.