ஒரு டம்ளரில் கரைத்தது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குக் கறைமாமா என்று பெயர். ரத்தம் தோய்ந்து காய்ந்த விரிப்புகளை அவர் தலையில்தான் கட்டுவார்கள். மற்றவர்கள் வெளுப்பு மருந்தை வாளித் தண்ணீரில் கலக்குவார்கள். அவர் கால் வாளிகூட ஊற்ற மாட்டார்.

“கெட்டியா விடுய்யா, கறை கத்திக்கிட்டு ஓடும்.”

“துணியும் கூடவே ஓடிருது மாமா!” என்று சிரிப்பார்கள்.

அன்று அவருக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். விடிந்ததிலிருந்து இரண்டு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொடி வாங்கிவந்தார். ‘ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்’ என்று உறையில் இருந்ததைப் படிக்கத்தான் செய்தார். அவ்வளவு தண்ணீரில் கரைத்தால் மருந்து எங்கே பிடிக்கும்? முழுப் பொடியையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினார்.

குழந்தை துப்பியது. கெஞ்சியும் அதட்டியும் புகட்டினார். போக்கு நிற்கவில்லை, கூடியது. தாகத்தில் நாக்கை நீட்டி நீட்டி அழுதது. பதறிப்போய் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தார். அதற்கும் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

மனைவி வந்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள், கண்ணீர் வரவில்லை. டம்ளரின் அடியில் கிடந்ததை நக்கிப் பார்த்தவள் காறித் துப்பினாள்.

“என்னங்க இது, உப்புக் கரிக்குது! எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?”

“சீக்கிரம் கேக்கட்டும்னு...”

“புள்ளைய என்ன, விரிப்புன்னு நெனச்சீங்களா?”

ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நர்ஸ் கேட்டதும், “சரியாத்தாம்மா கலக்குனேன்” என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி அவரையே பார்த்தாள்.

“அண்ணே, மறைக்காதீங்க. அதை வச்சுத்தான் வைத்தியமே” என்றாள் நர்ஸ்.

“ரெண்டு பாக்கெட்டும்மா. ரெண்டே டம்ளர்ல.”

நர்ஸ் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். “உப்பு அவ்வளவு கெட்டியா உள்ள போனா, குடல் உடம்புல இருக்கற தண்ணியையே இழுத்து வெளிய தள்ளிரும். ரத்தத்துலயும் உப்பு ஏறியிருக்கும். மெதுவாத்தான் இறக்கணும். அவசரப்பட்டா மூளை வீங்கிரும்.”

மகளின் கையில் டிரிப்ஸ் ஏறத் தொடங்கியது. ஒரு சொட்டு விழுந்து அடுத்தது திரள்வதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது. கொஞ்சம் வேகமாக விடச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்ததைக் கடித்து விழுங்கினார்.

“ஒண்ணுக்குப் போனாத்தான் உடம்பு தேறுதுன்னு அர்த்தம். போனா உடனே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவர் மகளின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. கையை எடுத்தார். மறுபடியும் தொட்டார்.