ரோஜாவின் கால்கள்

என் கொழுந்தனை வேலை செய்யும் இடத்தில் ‘ரோஜா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பார்க்க நெடுமரம், மேலுதட்டை மறைக்கும் மீசை. கேக் கடையில் கிரீமைப் பிழிந்து பூப் போடுவது அவன் வேலை. அவன் போட்ட ரோஜாவில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது. வாயும் லேசுப்பட்டதல்ல. “என் பூவுக்குத் தண்ணி ஊத்த வேணாம் அண்ணி, நாக்கை நீட்டினா போதும்” என்பான்.

அவனுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதே கடையின் வேன் ஓட்டியவர். ஒரு மழையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நான், என் மகள், அவன். நான் லாண்டரி வேலைக்குப் போனேன். அவன் கடையே கதி என்று கிடந்தான். பேச்சு குறைந்துவிட்டது.

ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். வெறுங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறி, வாசலிலிருந்து அடுப்படி வரை ரத்தத் தடம்.

“இன்னொண்ணு எங்கடா?” என்றேன்.

குனிந்து பார்த்தான். “ரெண்டும் போட்டுக்கிட்டுத்தானே கிளம்பினேன்?”

“காலையும் கழட்டி வெச்சுட்டு வராம இருந்தியே, புண்ணியம்.” என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சில்லைப் பிடுங்கும்போதுகூட முகம் சுளிக்காமல், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சுவரைப் பிடித்து நடந்தான். நாள் முழுக்க நிற்கிறவனுக்குக் கால் மரத்துப்போகாதா என்றார்கள் கடையில். முதலாளி மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுத்தார். பூக்களும் கோண ஆரம்பித்தன. கடைசியில் கடையின் மாடிப்படியில் உருண்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். விரல், குதிகால், நடுப்பாதம் என்று எல்லா இடத்திலும் குத்தினார். அவன் கண்ணைத் திறக்காமலே, “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டான்.

“குடி, மாத்திரை, வேற ஏதாவது பழக்கம் உண்டா?”

“டீகூட குடிக்க மாட்டேன் டாக்டர்.”

அவர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். “முதுகுத்தண்டு வரைக்கும் பாதிச்சிருக்கும்மா. ஒரு வைட்டமின் குறைஞ்சா இப்படி வரும். ஆனா இவர் ரத்தத்துல அது நிறையவே இருக்கு. வேற என்னன்னு தேடிட்டு இருக்கோம். சீக்கிரம் தெரியலன்னா, மறுபடி நடக்கறது சந்தேகம்.”

அவனுடைய வேலைக் கோட்டைத் துவைக்க எடுத்துப்போனேன். லாண்டரியில் முதல் பாடமே இதுதான்: துணி தண்ணீரைப் பார்க்கும் முன் பாக்கெட்டை வெளிப்புறமாகத் திருப்பிவிட வேண்டும். திருப்பினேன். விரல் நீளத்தில் எஃகுக் குப்பிகள் கலகலவென்று மேசையில் கொட்டின. கிரீமைப் பொங்கவைக்கும் வாயு அடைத்தவை. கூடவே சுருங்கிய பலூன் ஒன்று, பாதி தீர்ந்த வைட்டமின் மாத்திரை அட்டை.

எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு வார்டுக்கு ஓடினேன். “கிரீமுக்கு வெச்சதை நீ இழுத்தியா?”

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

“அண்ணன் சிரிக்கிறது கேக்குது அண்ணி.”

முதல் தடவை கடைச் சமையலறையில் யாரோ அந்த வாயுவைப் பலூனில் அடைத்து வேடிக்கைக்குக் கொடுத்தார்களாம். தலை கிறுகிறுக்க, எங்கேயோ தூரத்தில் அவர் சிரித்தாராம். சில நொடிதான். அந்தச் சில நொடிக்காகக் குளிர்ப்பதன அறைக்குள் போய்ப் போய் நின்றிருக்கிறான். நரம்பைக் கெடுக்கும் என்று போனில் படித்துவிட்டு, வைட்டமினை விழுங்கினால் சரியாகிவிடும் என்று அவனாகவே வைத்தியமும் பார்த்திருக்கிறான், மகா புத்திசாலி.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டது நான்தான். திட்ட வந்தவள்.

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சிரிப்பு மட்டும்தான். முடிக்கும்போது ஒரு இருமல் வருமே, அதுகூட.” என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். “டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா விட மாட்டாங்க. அதுல ஒண்ணு இன்னும் உடைக்காம இருக்கும். நீங்களும் ஒரு தடவை கேளுங்க. அப்புறம் சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.”

அந்த இருமலைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று எனக்குத்தான் தெரியும். முடிச்சுக்குள் கையை விட்டேன். காலிக் குப்பிகளுக்கு நடுவே கனமான ஒன்று தட்டுப்பட்டது. சில்லென்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேண்டும்போல இருந்தது. உடம்பே அதற்காக ஏங்கியது.

அப்போது அவன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்தான். வலது கால் கம்பி இடுக்கில் மாட்டி, கணுக்கால் ஒருபுறமாக முறுக்கிக்கொண்டது. அவனுக்கு அது தெரியவில்லை. என் முகத்தையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலை விடுவித்து நேராக வைத்தேன். வைத்ததும் அவனுக்குத் தெரியவில்லை.

நேரே டாக்டரம்மாவின் மேசைக்குப் போய் முந்தானையை அவிழ்த்துக் கொட்டினேன், உடைக்காததையும் சேர்த்து. அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “இந்த வாயு வைட்டமினை வேலை செய்ய விடாதும்மா. மாத்திரை போட்டதால ரத்தத்துல அளவு சரியா காட்டிருக்கு, நாங்களும் ஏமாந்துட்டோம். இனிமே ஒரு மூச்சுகூட இழுக்கக் கூடாது.” அன்றே ஊசி போட ஆரம்பித்தார்கள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது வீட்டில் கம்பு ஊன்றி நடக்கப் பழகுகிறான். முழுசாகச் சரியாகுமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பூப் போடும் விரல்களுக்கும் இன்னும் உணர்ச்சி சரியாக வரவில்லை. லாண்டரியில் நீராவி சீறும்போதெல்லாம் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று நடைப் பயிற்சியில், ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தான். “அண்ணனை நீங்கதான் துரத்தி விட்டீங்க. உங்களைப் பாக்கவே பிடிக்கல.”

“பிடிக்க வேணாம்” என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “சாகிற வரைக்கும் திட்டு. நடந்துக்கிட்டே திட்டு.”

அவன் திட்டினான். நான் பின்னாலேயே போனேன்.