வண்டியைப் பூட்டினீங்களா?

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எனக்குச் சோறு போடுவதே அறிவியல். அதனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். பரவாயில்லை, கேளுங்கள்.

என் வேலை செவ்வாய்க் கிரகத்துக் காற்று. ராக்கெட்டெல்லாம் விடுவதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் அங்கே இறங்கிய ஒரு விண்கலத்தில் காற்றழுத்தம் அளக்கும் கருவி இருந்தது, அது அனுப்பிய அளவுகள் திரையில் ஒரு கோடாக ஓடும், வேப்பம்பட்டு ஃபிளாட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். புழுதிச் சுழல் ஒன்று கலத்தைக் கடந்தால் அழுத்தம் குறையும், கோட்டில் குழி விழும். அதைக் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழகுவதற்காக அம்பத்தூர் ஆபீஸில் அதே மாதிரி சின்னக் கருவி ஒன்று கொடுத்தார்கள். வீட்டு மேஜையில் வைத்தால், வாசல் கதவைச் சாத்தினாலே அதில் குழி விழுந்தது. எங்கள் கதவு உப்பிப்போன கதவு, உள்ளேயிருந்து சாத்தினால் ஒரே தடவையில் பொருந்தாது. என் கணவர் சேகர், பாடி பக்கத்து ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்ததும் கையால் ஒரு தள்ளு, பிறகு முதுகைக் கொடுத்து ஓர் அழுத்து. சின்னக் குழி, பக்கத்திலேயே பெரிய குழி. வெளியே போகும்போது பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு, அதற்கு ஒற்றைக் குழி. ஜோடிக் குழி விழுந்ததும் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பேன், "ஏங்க, வண்டியைப் பூட்டினீங்களா?" முக்கால்வாசி நாள் கீழே பைக்கைப் பூட்டியிருக்க மாட்டார்.

"இன்னாமே, அதையும் உன் மிஷினு சொல்லுதா? த்தோ, பூட்டிகினு வரேன்."

ஒற்றைக் குழி. கொஞ்ச நேரத்தில் மறுபடி சின்னது, பெரியது. மனுஷன் வந்தாச்சு.

போன வருஷம் வேலையிடத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அதற்கப்புறம் மேஜைக் கருவியின் கோடு நாள் முழுக்க நேராகவே போனது. வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதைத் திரையில் வேறு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பொறுக்க முடியாமல் ஆபீஸிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அது ஐப்பசி மழை. விளக்குப் போடும் நேரம், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து செவ்வாய்ப் பதிவை நகர்த்திக்கொண்டிருந்தேன். சின்னக் குழி. பக்கத்திலேயே பெரிய குழி. அதே இடைவெளி, அதே சரிவு. நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது.

"ஏங்க, வண்டியைப் பூட்டினீங்களா?"

கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த பகுதியைத் திறந்தேன். ஒற்றைக் குழி.

நானும் அவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதற்கு முன்பே பூமிக்கு வந்து சேர்ந்துவிட்ட பதிவு அது. பக்கத்து ஃபிளாட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஆபீஸ் சுகன்யாவுக்குப் போன் போட்டேன். "அக்கா, ரெண்டு சுழலு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வர்றது சகஜம்க்கா. தனியாவே இருக்கீங்கல்ல, அதான்" என்றாள். அவள் சொல்வது சரிதான், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் பூட்டப் போனால் திரும்பி வர வேண்டுமே! அந்தக் கலம் புழுதி மூடி அடங்கும் வரைக்கும் உள்ள பதிவு முழுவதையும் பார்த்துவிட்டேன். குழிகள் ஏராளம். அந்த ஜோடி மட்டும் மறுபடி வரவே இல்லை. அன்று நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், உள்ளேதானே வந்திருந்தார்.

இன்னொன்று. கீழே வண்டியே இல்லை. காரியம் முடிந்த கையோடு அவர் தம்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்ட நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பூட்டப் போன மனுஷன் அங்கே எதைத் தேடிக்கொண்டு நிற்கிறாரோ.