கருங்கல் சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்

கருங்கல் சந்தையில் மட்டிப்பழக் குலைகளை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இத்தனை சின்னப் பழத்துக்கு இவ்வளவு மணம் பினாங்கில் கிடையாது. நேற்று நான் விமானம் ஏறுமுன் சித்தப்பா போனில் சொன்னார்: "வரும்போ சந்தையில ஒரு சீப்பு மட்டி வாங்கிட்டு வா மக்கா." அவரை வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன்.

இறங்கியதிலிருந்து என் போன் வேலை செய்யவில்லை. பழக்காரம்மாவிடமே வழி கேட்கிறேன்.

"யாரு வீட்டுக்கு?"

"தங்கையன். கண்ணாடிக்கடை வச்சிருந்தவர்."

சீப்பைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நிற்கிறது. தாடையால் எதிர்ச் சுவரைக் காட்டுகிறாள். மீன்காரிகளின் தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்கள் தொங்குகின்றன. இவ்வளவு நேரமும் அவற்றின் கீழேதான் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி ஃபிளெக்ஸில், வீடியோவில் பார்த்த அதே கட்டம் போட்ட சட்டையில், சித்தப்பா சிரிக்கிறார்.

"இண்ணைக்கு வெளுக்கியதுக்கு முந்தியே போயிட்டாரு. சாயங்காலம் அடக்கம்."

பணத்தை நீட்டுகிறேன். அவள் வாங்கவில்லை.

"துட்டி வீட்டுக்குப் பழம் கொண்டு போவப்பிடாது மக்கா. பூக்கடை அந்தா இருக்கு."

சுற்றிய தாளைப் பிரித்து, சீப்பை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறாள்.